இஸ்திரி போட்ட பனியன்

ஜூலை 4

அக்கா,

நலம் விசாரிக்க எழுதவில்லை. நலம் இல்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன். போனில் பேசினால் நான் கத்துகிறேன், நீ வைத்துவிடுகிறாய். பிறகு அத்தான் மொட்டை மாடிக்குப் போய் என்னைக் கூப்பிட்டு இரண்டு பேருக்காகவும் மன்னிப்புக் கேட்கிறார். நாள் முழுக்க வெல்டிங் பட்டறையில் நின்றுவிட்டு வரும் மனிதருக்கு இது தேவையா?

மனச்சோர்வு மாத்திரையை நிறுத்திவிட்டாயாமே. டாக்டர் சொல்லி இல்லை, நீயாகவே. அத்தான் கத்தரிக்கோல் தேடப் போனபோது, தையல் மெஷினின் போர்வைக்கு அடியில் அட்டை அட்டையாக மாத்திரை இருந்ததாம். நீ மெஷினைத் திறந்தே பல வாரம் ஆகிறது, அங்கே யார் கை வைக்கப்போகிறார்கள் என்று நினைத்தாயாக்கும்.

அது போதாதென்று எனக்கு ஒரு செய்தி வேறு. "உங்க லேப்ல எலிக்கு ஒரே நாள்ல சரியாகுதாமே. வர்றப்ப அதுல கொஞ்சம் கொண்டு வா." அக்கா, அது இருமல் மருந்தா, சீசாவில் ஊற்றிக்கொண்டு வர? கெட்டமைன் என்பது ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கிற மருந்து. அதைவிட மிகக் குறைந்த அளவில்தான் நாங்கள் சுண்டெலிகளுக்குப் போடுகிறோம். இரட்டைப் பூட்டுப் போட்ட இரும்பு அலமாரியில் இருக்கிறது. சாவி லேபை நடத்தும் மேடத்தின் கழுத்தில் தொங்குகிறது. சில ஆஸ்பத்திரிகளில் மனிதர்களுக்கும் கொடுக்கிறார்கள்தான், பக்கத்திலேயே ஒருவர் உட்கார்ந்து ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே. வேண்டுமானால் உன் டாக்டரைக் கேள். என்னைக் கேட்காதே.

"சரியாகுது" என்றால் என்ன என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் நிரப்பி அதில் எலியை விடுவோம். முதலில் நீந்தும். கொஞ்ச நேரத்தில் போதும் என்று மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு சும்மா மிதக்கும். மருந்து போட்ட எலி மறுநாள் அதிக நேரம் நீந்துகிறது. அவ்வளவுதான். நீந்துகிறது என்றால் சந்தோஷமாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. கை கால் ஆடுகிறது, அதற்கு மேல் எலி எங்களிடம் ஒன்றும் சொல்வதில்லை.

மாத்திரையை எடுத்துப் போடு.

சின்னவள்

ஜூலை 9

சின்னவளுக்கு,

லெட்டர் வந்துச்சு. கவர்ல என் பேருக்கு முன்னாடி திருமதி போட்டிருக்கே. சண்டைன்னா மட்டும் உனக்கு மரியாதை வந்துடும்.

நான் பேசற மாதிரிதான் எழுதுவேன். உன்ன மாதிரி புஸ்தகத்துல வர்ற பாஷை எனக்கு வராது. படுத்துக்கிட்டு எழுதறேன், அதனால வரியெல்லாம் மேல ஏறுது. நீயே தலையைச் சாய்ச்சுப் படிச்சுக்கோ.

ஏன் மாத்திரைய நிறுத்தினேன்னு யாரும் கேக்கல. ஏன் நிறுத்தினேன்னு கத்தறீங்க. அது ரெண்டும் வேற. போட்டா வாய் மரக்கட்டையா காயுது. காலையில எழுந்தா யாரோ தலைக்குள்ள பஞ்சு அடைச்ச மாதிரி இருக்கு. சரி, அதையாவது தாங்கிக்கலாம், உள்ள இருக்கற பாரம் குறையணும்ல? குறையல. டாக்டர் பொறுத்துக்கோங்கம்மாங்கறார். பொறுக்க முடிஞ்சா நான் ஏன் அவர்கிட்ட போறேன்?

பள்ளிக்கூடத்து யூனிஃபார்ம் துணி கட்டு கட்டா தைக்காம மூலையில கிடந்துச்சு. போன வாரம் அந்த டீச்சர் வந்து ஒண்ணும் பேசாம எடுத்துட்டுப் போயிட்டாங்க. திட்டியிருந்தாக்கூட நல்லாயிருந்திருக்கும்.

நீ எனக்கு எலி பாடம் நடத்தறே. நீயே தானே போன தடவை இங்க உட்கார்ந்து மூக்கைச் சிந்தினே? கூட வேலை செய்யற அந்த நெட்டைப் பையன், ஒட்டகம்னு பேரு வெச்சிருக்கியே, அவன் ஊசி போட்ட எலியெல்லாம் நீந்துது, நீ போட்ட எலி மட்டும் மிதக்குதுன்னு. அதே மருந்து, அதே எலி. உன் கைக்கே வேலை செய்யாத மருந்தைப் பத்தி எனக்கு ஏன் இவ்வளவு பெரிய லெட்டர்?

ஒரு பந்தயம். உன் எலிங்க தேறட்டும். அன்னைக்கு நான் மாத்திரை போடறேன். அதுவரைக்கும் உங்க அத்தானையும் சேர்த்துச் சொல்றேன், என்ன விட்டுடுங்க.

பெரியவள்

ஜூலை 14

அக்கா,

இது பந்தயம் கட்டுகிற விஷயமா? உனக்கும் எலிக்கும் என்ன சம்பந்தம்? உன்னைக் குடுவையில் விட்டால் நீ நீந்தவும் மாட்டாய், மிதக்கவும் மாட்டாய். தண்ணீர் ஏன் இவ்வளவு சில்லென்று இருக்கிறது என்று என்னோடு சண்டை போடுவாய்.

பொறுக்க முடியவில்லை என்கிறாய். ஏன் பொறுக்கச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மூளையில் ஒரு நரம்பு இன்னொரு நரம்போடு பேசுவது ரசாயனங்களால்தான். உன் மாத்திரை செரட்டோனின் என்ற ரசாயனத்தைத் தொடுகிறது. அது உடனே கூடிவிடும், ஆனால் நரம்புகள் அதற்கேற்ப மாறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். நீ நடுவில் நிறுத்திவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்கிறாய்.

கெட்டமைன் போவது வேறு வாசல் வழியாக. குளூட்டமேட் என்று இன்னொரு ரசாயனம். அது வந்து உட்காரும் இடங்களில் ஒன்றை இந்த மருந்து அடைத்துவிடுகிறது. அடைத்தால் நரம்புகளின் பேச்சு குறையும் என்றுதானே நினைப்போம்? எலிகளின் மூளையில் சில பகுதிகளில் பேச்சு கூடுகிறது. வாட்டத்தில் சுருங்கிப்போன நரம்பு நுனிகளில் ஒரு நாளைக்குள் புது முளை விடுவதைப் பார்த்திருக்கிறார்கள். அந்த அடைப்புதான் காரணம் என்று ஒரு கூட்டம். இல்லை, கல்லீரல் இந்த மருந்தை உடைத்து அனுப்பும் துண்டுதான் காரணம் என்று இன்னொரு கூட்டம். முழுசாக யாருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றைத்தான் நீ பையில் போட்டுக் கொண்டு வரச் சொல்கிறாய்.

என் கையைப் பற்றிச் சொன்னாயே, அது உண்மை. எனக்கும் ஒட்டகத்துக்கும் ஒரே சீசா. ஒரே கூண்டு வரிசை. ஊசி போடும் விதம்கூட அவனுக்கு நான் சொல்லிக்கொடுத்ததுதான். அவன் எலிகள் மறுநாள் நீந்துகின்றன, என் எலிகள் வெறும் உப்புநீர் போட்ட எலிகளைப் போல மிதக்கின்றன. மேடம் நேற்று எல்லோர் முன்னாலும், "ஊசி உள்ள போகுதா, இல்ல ரோமத்துல கொட்டுதா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாதக் கடைசிக்குள் என் எண்கள் சரியாகாவிட்டால் ஊசி வேலையை ஒட்டகத்திடம் கொடுத்துவிட்டு நான் கூண்டு கழுவலாம் என்றார்.

இந்த நிலையில் நீ உன் மாத்திரையைக் கொண்டுவந்து என் எலிகளின் வாலில் கட்டுகிறாய். நன்றாக இருக்கிறது.

சின்னவள்

ஜூலை 18

சின்னவளுக்கு,

பந்தயம் பந்தயம்தான்.

அந்த மேடத்துக்கிட்ட சொல்லு, இவ அஞ்சு வயசுல என் மெஷின் ஊசியில நூல் கோத்துக் கொடுத்தவள்னு. ரோமத்துல கொட்டுதாம்.

இன்னைக்கு ஒண்ணும் முடியல. அவ்வளவுதான்.

பெரியவள்

ஜூலை 21

அக்கா,

ஒன்று நடந்திருக்கிறது. சொல்வதற்கு உன்னைத் தவிர ஆள் இல்லை. நீயும் சிரிப்பாய். பரவாயில்லை.

போன வாரம் என் வெள்ளைக் கோட்டில் சாயம் கொட்டிவிட்டது. ஒட்டகம் விடுப்பில் இருந்தான், அவன் கோட்டு ஆணியில் தொங்கியது. அதைப் போட்டுக்கொண்டு ஊசி போட்டேன். கை நீளத்தை நாலு மடிப்பு மடிக்க வேண்டியிருந்தது. மறுநாள் அந்த எலிகள் நீந்தின. ஒட்டகத்தின் எலிகளைப் போலவே. இந்த வாரம் என் கோட்டைப் போட்டுக்கொண்டு செய்தேன். மறுபடியும் மிதக்கின்றன.

கை ஒன்றுதான். மாறியது கோட்டு மட்டும். எலிக்குக் கண்ணைவிட மூக்கு பெரிது. ஆண் வாசனை வந்தாலே எலிகளுக்கு உள்ளுக்குள் ஒரு பதற்றம் வருகிறது என்று எங்கேயோ படித்த ஞாபகம். பதற்றம் வந்தால் மூளையில் ஒரு ரசாயனம் சுரக்கும். ஒருவேளை மருந்து வேலை செய்ய அதுவும் கூட இருக்க வேண்டுமோ என்னவோ. ஒரு கோட்டை வைத்துக்கொண்டு இதை மேடத்திடம் சொன்னால் கூண்டு கழுவக்கூட விடமாட்டார். அந்தக் கோட்டில் அவன் வாசனை மட்டுமா இருக்கிறது? ஸ்பிரிட், சென்ட், டீக்கறை எல்லாம் இருக்கிறது.

எனக்கு ஓர் ஆண் போட்ட துணி வேண்டும், வேறு எந்த வாசனையும் இல்லாமல். இங்கே யாரிடம் போய், "உங்கள் வேர்த்த பனியனைத் தருகிறீர்களா?" என்று கேட்பேன்? அதைக் கேட்பதைவிட நான் அந்தக் குடுவையிலேயே தலையை விட்டுக்கொள்வேன்.

அத்தானின் பனியன் ஒன்றை அனுப்பு. பட்டறைக்குப் போடுவது வேண்டாம், இரும்பும் கிரீஸும் மணக்கும். வீட்டில் போட்டுக்கொண்டு தூங்குகிற பனியன். இரண்டு நாள் பவுடர், எண்ணெய் எதுவும் இல்லாமல் போட்டிருக்கட்டும். கழற்றியதும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி அனுப்பு. அவ்வளவுதான். தயவுசெய்து வேறு எதுவும் செய்யாதே.

சின்னவள்

ஜூலை 25

சின்னவளுக்கு,

உன் லெட்டரை உங்க அத்தானுக்குப் படிச்சுக் காட்டினேன். அவரு ரொம்ப நேரம் பனியனைப் பார்த்துக்கிட்டிருந்தாரு. அப்புறம், "ஏன், நான் நாறறேனா?" ன்னு கேட்டாரு. இல்லீங்க, நீங்க மருந்துன்னு சொன்னேன்.

அப்ப எலிக்குக் குணமாகறதுக்கும் ஒரு ஆம்பள வேணும். நல்ல கதை. அந்த வாசனை பதினோரு வருஷமா என் பக்கத்துலதான் படுத்துக்கிட்டிருக்கு. எனக்கு ஒண்ணும் முளை விட்ட மாதிரி தெரியல.

ரெண்டு நாள் இல்ல, மூணு நாள் போட்டாரு. பெருமை தாங்கல. பட்டறையில யாரோ பவுடர் போட்டுக்கோங்கன்னு சொன்னதுக்கு, "ஆராய்ச்சி நடக்குது"ன்னாராம்.

பார்சல் இதோட வருது. உன் மானம் போகாத மாதிரி அனுப்பியிருக்கேன்.

பெரியவள்

ஜூலை 28

அக்கா,

நீ என்ன காரியம் செய்திருக்கிறாய்?

பையைப் பிரித்தேன். சோப்பு வாசனை மூக்கைத் துளைக்கிறது. வெள்ளை வெளேரென்று, நாலாக மடித்து, நடுவில் கோடு விழ இஸ்திரி போட்ட பனியன். பனியனுக்கு உலகத்தில் யாராவது இஸ்திரி போடுவார்களா? துவைக்காதே என்று தனியாக எழுதவில்லை, ஒப்புக்கொள்கிறேன். வேர்த்த பனியன் என்று எழுதியிருந்தேனே, அதைத் துவைத்தால் அதில் என்ன மிஞ்சும்? மூன்று நாள் அத்தான் பட்ட பாடு சாக்கடையில் போயிற்று. மாதக் கடைசிக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று உனக்குத் தெரியாதா?

ஏன் துவைத்தாய் என்று எனக்குத் தெரியும். படித்தவர்கள் இருக்கும் இடத்துக்கு நம் வீட்டு அழுக்குப் பனியன் போவதா என்று நினைத்திருப்பாய். நான் முதல் நாள் கல்லூரிக்குப் போனபோது பைக்குள் மடித்து வைத்த துணிப்பைக்குக்கூட இஸ்திரி போட்டவள்தானே நீ. இங்கே எலி மலம் அள்ளும் தட்டு இருக்கிறது, அக்கா. உன் பனியன்தான் இந்தக் கட்டிடத்திலேயே சுத்தமான பொருள். என்னால் முடியவில்லை. நாளை எழுதுகிறேன்.

29, காலை

மேலே எழுதியதைக் கிழித்துப் போடலாம் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை, நீ அதையும் படி.

காலையில் பனியனை மறுபடி எடுத்துப் பார்த்தேன். இடது அக்குள் பக்கம் ஒரு கிழிசலைத் தைத்திருக்கிறாய். கைத்தையல் இல்லை. மெஷின் தையல், ஓரத்தை மடித்து, முன்னும் பின்னும் ஓட்டி, உன் வழக்கப்படி நூல் முனையை உள்ளே இழுத்து முடிந்திருக்கிறாய்.

அப்படியென்றால் போர்வையை எடுத்தாய். அடியில் இருந்த அட்டைகளை நகர்த்தினாய். நூல் கோத்தாய். அதற்கு முன்னால் வாளியில் தண்ணீர் பிடித்திருக்கிறாய், கொடியில் போட்டிருக்கிறாய், இஸ்திரிப்பெட்டியைப் பரணிலிருந்து இறக்கியிருக்கிறாய். உன் துணியையே அத்தான்தான் துவைக்கிறார் என்று அவர் மொட்டை மாடியிலிருந்து சொல்லி எத்தனை வாரம் ஆகிறது.

இதை வைத்து நீ தேறிவிட்டாய் என்று சொல்ல மாட்டேன். ஒரு பனியன் ஒரு பனியன்தான். ஒரு நாள் நீந்தி மறுநாளே மிதக்கிற எலிகளை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு இன்னும் கோபம்தான். மாத்திரையைப் போடு. இன்னொரு பனியனும் அனுப்பு. அதைத் தொடாதே.

சின்னவள்

ஆகஸ்ட் 1

சின்னவளுக்கு,

திட்டினது போதும். அத்தான் இந்தத் தடவை வீட்டுக்குள்ளயே என்ன நெருங்க விடல. அவரே கழட்டி, அவரே கட்டி, அவரே தபாலாபீஸுக்குத் தூக்கிட்டுப் போறாரு. நான் தொடல. பக்கத்துல போகவே முடியாது.

அன்னைக்குத் துவைச்சது உனக்காகத்தான். நீ தலை குனிஞ்சு செருப்பைப் பார்த்துக்கிட்டு நின்னேன்னு எழுதியிருந்தே. அது என் மண்டையில சுத்திக்கிட்டே இருந்துச்சு. இவ அந்த ரூம்ல இந்தப் பையைப் பிரிப்பா, எல்லாரும் எட்டிப் பார்ப்பாங்க, அதுல ஒரு கிழிசல் இருந்தா? எழுந்துட்டேன். எழுந்ததே தைக்க உட்கார்ந்தப்பதான் தெரிஞ்சுது.

தைச்சுட்டு அப்படியே படுத்துட்டேன். மறுநாளும் படுத்துதான் கிடந்தேன். நீ சொன்னது சரி, ஒரு பனியன் ஒரு பனியன்தான்.

ஆனா ஒண்ணு யோசிச்சேன். என் மாத்திரையை எலி வாலுல கட்டினது எனக்கே நல்லாயில்ல. அது தோத்தா உனக்கும் போச்சு, எனக்கும் போச்சு. டாக்டர்கிட்ட போனேன். உங்க அத்தான் லீவு போட்டுட்டு வந்தாரு. வாய் காயறதையும் பஞ்சையும் சொன்னேன். இதை முதல்லயே சொல்லக்கூடாதான்னாரு டாக்டர். நீங்க கேக்கலியேன்னேன். வேற மாத்திரை எழுதிக் கொடுத்திருக்காரு. இதுவும் ஒரு மாசமாவது ஆகுமாம். உன் கெட்டமைனைப் பத்தியும் கேட்டேன். முதல்ல இதை ஒழுங்கா போடுங்க, அப்புறம் பேசலாம்னு சிரிச்சாரு.

போடறேன். உன் எலி நீந்தினாலும் சரி, மிதந்தாலும் சரி. பந்தயத்தை நான் முறிச்சுட்டேன்.

இப்ப எப்படி இருக்குன்னு மட்டும் கேட்டுடாதே.

பெரியவள்

ஆகஸ்ட் 9

அக்கா,

கேட்க மாட்டேன்.

மேடத்திடம் கெஞ்சி ஒரு வாரம் கூடுதலாக வாங்கினேன். கெஞ்சினேன் என்றால், வாசலில் நின்றேன், அவரே என்னவென்று கேட்டார்.

பனியனை ஊசி போடும் மேஜைமேல் கூண்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். என் கோட்டு, என் கை. பாதி எலிகளுக்கு அத்தானின் துவைக்காத பனியன். மீதிப் பாதிக்கு எதை வைப்பது என்று யோசித்தபோதுதான் தெரிந்தது. அதே கம்பெனி, அதே வீடு, அதே ஆள் போட்ட துணி, ஆனால் ஆள் வாசனை இல்லாதது. அதைத்தான் நீ இஸ்திரி போட்டு எனக்கு அனுப்பிவைத்திருந்தாய். நானாக யோசித்திருந்தால் கடையில் ஒரு புதுப் பனியன் வாங்கி வைத்து, மேடத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பேன்.

எந்த எலிக்கு எந்தப் பனியன் என்று ஒட்டகத்துக்குச் சொல்லவில்லை. அவன் வீடியோவைப் பார்த்து நேரம் குறித்தான். அழுக்குப் பனியன் எலிகள் நீந்தின. இஸ்திரி எலிகள் மிதந்தன. மேடம் எண்களை இரண்டு முறை பார்த்துவிட்டு, "இந்த மாதிரி ஒரு பேப்பர் வந்திருக்கே, நீ படிக்கலையா?" என்றார். ஊசி போடுகிறவர் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து எலிகளில் கெட்டமைனின் பலன் மாறுவதை வேறு எங்கோ முன்பே கண்டிருக்கிறார்களாம். பதற்றத்தில் சுரக்கும் ரசாயனம் என்று நான் ஊகித்தது கூட அதில் இருக்கிறது. அவருக்குத் தெரியும், நம்பவில்லை, அவ்வளவுதான். எல்லோர் முன்னாலும் என் ஊசியைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உன் டாக்டரும் இவரும் ஒரே பள்ளிக்கூடம் போல.

ஊசி வேலை என்னிடமே இருக்கிறது. "துவைச்ச பனியனை வெச்சது யார் யோசனை?" என்று கேட்டார். எல்லோரும் இருந்தார்கள். என் அக்கா என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

ஆனால் அவர் சும்மா விடுவாரா? சோப்பு வாசனையால்தான் அந்த எலிகள் மிதந்தன என்று யாராவது சொன்னால் என்ன செய்வாய் என்கிறார். நியாயம்தான், எரிச்சலாக இருந்தாலும். எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும்.

அதனால் இரண்டு பனியன் அனுப்பு. ஒன்றை அத்தான் கட்டி அனுப்பட்டும், நீ கிட்டே போகாதே. இன்னொன்றை நீ துவை. சோப்பு கூடாது, வெறும் தண்ணீர். எத்தனை வாளி ஆனாலும் வாசனை போகும்வரை அலசு. ஒரே நாளில் முடியாவிட்டால் மறுநாள் அலசு, அவசரம் இல்லை. இஸ்திரி வேண்டாம். கிழிசல் இருந்தால் தை.

சின்னவள்